தவளைகள் வாய் திறக்காத கச்சேரி

அல்லிக்குளத்துத் தவளைகளுக்கு அந்த வருஷத்து மழை திருவிழா மாதிரி. குளம் கரையை உடைத்துக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தது. நேற்றுவரை ஒரே ஒரு குளம், இன்றைக்குப் பார்த்த இடமெல்லாம் குளம். தவளைகளுக்குத் தலைகால் தெரியவில்லை.

ஆனால் பள்ளக்காட்டில் வளை தோண்டிக் குடியிருந்த எலிகளுக்கும் முயல்களுக்கும் அதே மழை தலையில் இடியாக இறங்கியது. வளை போச்சு. சேர்த்து வைத்த தானியமும் போச்சு. குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு பாறைமேட்டுக்கு ஓடின. மிஞ்சியது உயிர் மட்டும்தான்.

அந்தக் குளத்தில் தவுலப்பன் என்று ஒரு பெருந்தவளை இருந்தார். தவில் மாதிரி உப்புகிற தொண்டை, அதனால் அந்தப் பெயர். ஒரு பாட்டுக் கோஷ்டியும் வைத்திருந்தார். தங்கமான மனசுக்காரர். ஒரே ஒரு மனக்குறை, அவர் பாட்டை யாரும் உட்கார்ந்து கேட்டதே கிடையாது. அவர் சுருதி சேர்க்கும்போதே கிளிகள் அடுத்த மரத்துக்குக் குடிபோய்விடும்.

ஒருநாள் அவர் பாறைமேட்டுப் பக்கம் போனார். அங்கே வேலாத்தா என்கிற எலி, குட்டிகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் காய்ந்த வேரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தவுலப்பன் வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பாசியம்மாவிடம் சொல்லி மாய்ந்துபோனார்.

“நமக்கு வந்த சீரு அவங்களுக்குக் கேடாப் போச்சே, பாசி. ஏதாச்சும் செய்யணும்.”

“செய்யுங்க, யாரு வேண்டாம்னா? என்ன வேணும்னு அந்த வேலாத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“இதுல கேக்க என்ன இருக்கு? நம்மகிட்ட இருக்கிறது பாட்டு. ஒரு கச்சேரி வச்சிடுவோம்.”

கிளிகள் ஊரெல்லாம் சேதி சொல்லின. மேட்டுக்காட்டில் வெள்ளம் ஏறவில்லை. முள்ளம்பன்றி முள்ளையன் வீட்டில் கிழங்கு குவிந்து கிடந்தது, அணில்களிடம் கொட்டை, குரங்குகளிடம் பழம். கச்சேரி கேட்க வருகிறவர்கள் கையில் ஏதாவது தின்பண்டம் கொண்டுவர வேண்டும், அத்தனையும் பாறைமேட்டுக்குப் போகும் என்று ஏற்பாடு. நல்ல காரியம் என்று எல்லோரும் சம்மதித்தார்கள். முள்ளையன் மட்டும், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வரலாமா என்று கேட்டு அனுப்பினார்.

காலையும் மாலையும் தவளைகள் ஒத்திகை பார்த்தன. வேலாத்தாவை அழைக்கத் தவுலப்பன் நேரிலேயே போனார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

“நன்றியெல்லாம் கச்சேரி முடிஞ்சு சொல்லிக்கலாம், தங்கச்சி. உங்களுக்கு முதல் வரிசை. மறக்காம வந்துடு.”

கச்சேரி நாளும் வந்தது. வெள்ளத்தண்ணீர் ஓரத்தில் காடே கூடியிருந்தது. முதல் வரிசையில் எலிகளும் முயல்களும், பின்னால் பழமும் கிழங்குமாக மேட்டுக்காட்டுக்காரர்கள். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் தவுலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டையை உப்பினார். கொர்ர்ர் என்று எடுத்தார். கோஷ்டி மொத்தமும் கூடச் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது அடிக்குப் போவதற்குள் வேலாத்தாவின் கடைக்குட்டி சுண்டன் அலறினான்.

“அம்மா, தண்ணி வருது!”

அவ்வளவுதான். முதல் வரிசை அப்படியே எழுந்து மேட்டைப் பார்த்து ஓடியது. ஒரு முயல் முள்ளையனையே தாண்டிக் குதித்தது. இவர்கள் ஓடுவதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள், எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. ஓடினவர்கள் கொண்டுவந்ததையும் கையோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அங்கே மிஞ்சியது தவளைகளும், யாரோ தவறவிட்ட ஒரு பலாக்கொட்டையும்தான்.

மறுநாள் விடிந்ததும் தவுலப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாறைமேடு ஏறினார்.

“உங்களுக்காகத்தானே பாடினோம்? நீங்களே எழுந்து ஓடலாமா?”

வேலாத்தா பெருமூச்சு விட்டாள்.

“அண்ணே, வெள்ளம் வந்த அன்னிக்கு நீங்க எல்லாரும் கூடிப் பாடிக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பாட்டுக்கு நடுவுலதான் எங்க வளைக்குள்ள தண்ணி பூந்துச்சு. இப்ப உங்க குரல் கேட்டாலே என் பிள்ளைங்க நடுங்குது. நீங்க ஒத்திகை பார்க்க ஆரம்பிச்சதிலிருந்து அதுங்க கண்ணை மூடலை. கூப்பிட வந்த அன்னிக்கே சொல்ல வாயெடுத்தேன், நீங்க எங்கே கேட்டீங்க?”

தவுலப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். வழியில் முள்ளையன் எதிரே வந்தார். அவருக்குக் கிண்டல் பண்ணாமல் இருக்க முடியுமா?

“என்ன தவுலு, அடுத்த கச்சேரி எப்போ? பாடாம ஒரு சாயங்காலம் சும்மா இருப்பேன்னு சொல்லு, ஒரு மூட்டைக் கிழங்கே தர்றேன்.”

தவுலப்பன் நின்றார்.

“நெசமாத்தான் சொல்றீங்களா, முள்ளண்ணே?”

அன்றைக்கே கிளிகள் மறுபடி பறந்தன. தவளைகள் பாடாத கச்சேரி! சாயங்காலத்திலிருந்து இருட்டும்வரை கோஷ்டி மொத்தமும் எல்லோர் கண்முன்னாலும் உட்கார்ந்திருக்கும். ஒரு தவளை வாய் திறந்தாலும் வந்தவர்கள் பண்டத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம். தொண்டை வெடித்துவிடும் என்று கோஷ்டிக்காரர்கள் புலம்பினார்கள். மழைக்காலத்தில் தவளை வாயை மூடுமா, இதைப் பார்க்காமல் விடுவோமா என்று காடு முழுவதும் திரண்டு வந்தது. இந்தத் தடவை தவுலப்பன் முதலில் வேலாத்தாவிடம் கேட்டுக்கொண்டுதான் ஏற்பாடு பண்ணினார். அவளும் குட்டிகளோடு வந்து உட்கார்ந்தாள்.

அல்லி இலைக்கு ஒருவராகத் தவளைகள் வரிசையாக உட்கார்ந்தன. குரங்குகள் சும்மா இருக்குமா? “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று சீண்டின. தவளைகள் அசையவில்லை. பொழுது சாய்ந்தது. எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நினைத்த நேரத்தில் மேகம் கறுத்தது. தூறல் விழுந்தது.

முதுகில் மழைத்துளி பட்டால் தவளைக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். அது அவர்கள் கையில் இல்லை. தவுலப்பனின் தொண்டை தவிலாக உப்பியது. பாசியம்மா சட்டென்று ஓர் அல்லித்தண்டைப் பறித்து அவர் வாயில் திணித்தாள். கடித்துக்கொண்டார். முழி பிதுங்கியது.

முதல் வரிசையில் சுண்டன் அம்மாவின் வாலைக் கட்டிக்கொண்டு நடுங்கினான். மழையைப் பார்த்தான். தவுலப்பனைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

“அம்மா, மழை பெய்யுது. ஆனா தவளைத் தாத்தா பாடலையே. அப்ப வெள்ளம் வராதில்ல?”

“வராதுடா கண்ணு. இது வெறும் தூறல்.”

சுண்டன் தலையை அவள் மடியில் சாய்த்தான். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. மழையில் நனைந்துகொண்டே தூங்கிப்போனான். அதைப் பார்த்த பிறகு தவுலப்பனுக்குத் தொண்டை உப்பவே இல்லை.

இருட்டியது. கச்சேரி முடிந்தது. யாரும் கை தட்டவில்லை, பிள்ளை எழுந்துவிடுவானே! வந்தவர்கள் கொண்டுவந்த பண்டத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நுனிக்காலில் நடந்து போனார்கள். முள்ளையன் சொன்ன மூட்டையோடு இன்னொரு மூட்டையையும் உருட்டிவிட்டுப் போனார்.

தண்ணீர் வடிந்தது. எலிகளும் முயல்களும் மேட்டுச் சரிவிலேயே புது வளை தோண்டிக்கொண்டன. ஒருநாள் சுண்டன் தனியாகக் குளத்துக்கு வந்தான்.

“தாத்தா, இப்ப பாடுங்க. எங்க வீடு மேலே இருக்கு. எனக்குப் பயமில்லை.”

“நெசமாவே வேணுமாடா?”

“வேணும் தாத்தா.”

தவுலப்பன் இன்னொரு தடவையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு எடுத்தார் பாருங்கள் ஒரு பாட்டு! அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. கிளிகள் அடுத்த மரத்துக்குக் குடிபோயின. மேட்டிலிருந்து முள்ளையன், “தவுலு, இன்னொரு மூட்டை தர்றேன்யா!” என்று கத்தினார். அது தவுலப்பன் காதில் விழவில்லை. அவர் எதிரே ஓர் எலிக்குஞ்சு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தது.

உதவப் போகிறவர்கள் தம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், துன்பப்பட்டவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.