ஏலக்கூடத்துக் கடல்

தூத்துக்குடியில் ஜெசிந்தா என்றொரு ஓவியர் இருந்தாள். அவளுடைய மேசையில் எண்ணெய் வண்ணக் குழாய்கள் குடியிருந்தன. மகா மரியாதைக்காரர்கள். தங்களுக்குள் 'வாருங்கள், போங்கள்' என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

ஒருமுறை மீன் ஏலக்கூடத்துப் பெண்கள் ஜெசிந்தாவிடம் ஒரு படம் கேட்டார்கள். புதிய கூடத்தின் பின்சுவர் நிறையக் கடல் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்றார்கள். ஜெசிந்தா பெரிய பலகையைச் சுவரில் சாய்த்து வேலையைத் தொடங்கினாள். ஒரு மூலை நிரம்புவதற்குள் நீலக் குழாய் தீர்ந்து ஒட்டிப் போயிற்று. பூசிய நீலமும் காய்வதாக இல்லை. அதற்குள் வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

அன்று காலை அவள் தம்பி புஷ்பராயன் வந்தான். படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். கையில் ஒரு நீல எனாமல் டப்பா.

"யக்கா, போட்டுக்கு அடிச்சது போக மிச்சம். ஒரே ராத்திரில காஞ்சிரும். அடிச்சுப் பாரேன்" என்று டப்பாவை மேசையில் வைத்தான்.

குழாய்கள் ஒதுங்கி உட்கார்ந்தன.

"தாங்கள் எந்த ஊர்?" என்றது சிவப்பு.

"ஆலையில் பிறந்தேன். இரும்புக் கேட், சைக்கிள், பீரோ, படகு... எல்லா இடத்திலும் எனக்குச் சொந்தக்காரர் உண்டு" என்றது டப்பா உற்சாகமாக.

"படம் வரைந்த அனுபவம்?"

"எனக்கில்லை. முன்பெல்லாம் வண்ணப்பொடியை எண்ணெயில் அரைத்து அரைத்தே பூசுகிறவர் கை ஓய்ந்துபோகுமாம். அப்புறம்தான் ஆலையிலேயே கலக்கி எங்களை டப்பாவில் அடைத்தார்கள். மூடியைத் திறந்தால் போதும், யார் வீட்டுக் கதவுக்கும் யாரும் அடிக்கலாம். வெளிநாட்டில் சில ஓவியர்கள் படத்துக்கும் எங்களைக் கூப்பிட்டார்களாம்."

"கதவுக்கு அடிப்பதும் கலையும் ஒன்றா?" என்றது சிவப்பு. வெள்ளைக் குழாய் மட்டும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா பிரஷ்ஷைத் தோய்த்துப் பலகையில் இழுத்தாள். குழாய் வண்ணம் மாதிரி அது வைத்த இடத்தில் நிற்கவில்லை. வழுக்கியது. கோடு கோடாக வழிந்தது. அவள் வரைந்த அலை அழுகிற முகம் மாதிரி ஆகிவிட்டது.

குழாய்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. டப்பா வெட்கத்தில் ஒடுங்கியது. "ஓடுவது என் பிறவிக் குணம், என்ன செய்வேன்?" என்று முனகியது.

"சரிப்படாதுல. பலகையைக் கீழ போடு, தொடைச்சிருவோம்" என்றாள் ஜெசிந்தா.

இருவரும் பலகையைத் தரையில் கிடத்தினார்கள். புஷ்பராயன் துணியை எடுத்தான். டப்பாவைக் கலக்கிய குச்சியை ஓரமாக வைக்க ஜெசிந்தா கையை வீசினாள். குச்சியிலிருந்து நீலம் நூலாக இறங்கியது. பலகையின் குறுக்கே வளைந்தது, புரண்டது, சுருண்டு நின்றது.

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள்.

"துணிய வச்சிருல! தொடைக்காத!"

மறுபடி தோய்த்தாள். வீசினாள். பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். செருப்பை உதறினாள். டப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இனி என் இஷ்டத்துக்கு ஓடலாமா?" என்று கூவிக்கொண்டே ஓடியது. நீலம் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு எழுந்தது. "யம்மா, அலை வருதுக்கா!" என்று புஷ்பராயன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

வெள்ளைக் குழாய் உருண்டு மேசை விளிம்புக்கு வந்தது.

"எங்கே போகிறீர்கள்?" என்று பதறியது சிவப்பு.

"நுரையாகப் போகிறேன்" என்றது வெள்ளை. டப்பாவை நோக்கி, "என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டது.

"நீங்களாவது வாங்களாவது! குதி!" என்றது டப்பா.

ஜெசிந்தாவின் கை சரியாக வெள்ளைக் குழாயின் மேல்தான் விழுந்தது; நீலத்தோடு கலந்து அது நுரையாகத் தெறித்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் திறந்தது. பின்சுவரில் கடல் பளபளவென்று நின்றது. அன்றே ஏலமும் களைகட்டியது. கூடைகள் உரசின, செதில்கள் தெறித்தன, படத்தின் கீழ்ப்பாதியில் மீன் ரத்தம் சொட்டியது. ஏலம் முடிந்ததும், படம் கேட்ட பெண்களில் ஒருத்தியான சூசையம்மாள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி, ஓங்கிப் படத்தின் மேலேயே அடித்தாள்.

"ஐயோ! படம்!" என்று ஓடிவந்தாள் ஜெசிந்தா.

தண்ணீர் வழிந்து இறங்கியது. அழுக்கெல்லாம் போய் அலைகள் இன்னும் மினுமினுத்தன.

சூசையம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, கடல் நனைஞ்சா என்ன ஆயிரும்?"