முப்பது வயதுப் படம்

நெடுங்குளம் ஜமீன்தார் சேதுராயருக்கு மணிவிழா நெருங்க நெருங்க, முகம் பார்க்கும் கண்ணாடி மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு கண்ணாடிகளை உடைத்தும் பார்த்தார், நரை போகவில்லை. கடைசியில், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கும் செங்கோடனுக்கு ஆள் அனுப்பினார்.

செங்கோடன் வந்தபோது, ஜமீன்தாரின் மடியில் உட்கார்ந்து பேத்தி அவருடைய வெள்ளை மீசையை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எங்க ரெண்டு பேரையும் படமா எழுது. ஆனா நான் முப்பது வயசுல இருந்த மாதிரியே இருக்கணும். ஒரு நரை தெரிஞ்சாலும் இந்த ஊர்ல நீ அப்புறம் தூரிகையைத் தொட முடியாது!"

"சரியா முப்பதுங்களா, எஜமான்?"

"ஒரு நாள் கூடக்கூடாது!"

செங்கோடன் தலையாட்டிவிட்டுப் போனான்.

மணிவிழா அன்று ஊரே கூடியிருக்க, படத்தின் மேலிருந்த துணியை விலக்கினான். கருகருவென்ற மீசையோடு ஜமீன்தார் ஜொலித்தார்.

"பலே!" என்று தொடையைத் தட்டினார்.

பேத்தி ஓடிவந்து படத்தை அண்ணாந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது. "தாத்தா, நான் எங்கே?"

படத்தில் மடி காலியாக இருந்தது.

"எங்கடா குழந்தை?" என்று சீறினார் ஜமீன்தார்.

"எஜமானுக்கு முப்பது வயசுல, குழந்தையோட அப்பாவே தொட்டில்லதானுங்களே இருந்தாரு! குழந்தை வேணும்னா நரையும் கூடவேதான் வருமுங்க."

ஜமீன்தார் அந்தக் காலி மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மறுபடி எழுது. ஒரு நரை குறைஞ்சாலும், இந்த ஊர்ல நீ அப்புறம் தூரிகையைத் தொட முடியாது!"