மரத்தடி மழைமானி

பல்கலைக்கழக வானிலையியல் துறையில் சகாயமேரிக்குப் பேராசிரியர் பதவி இல்லை என்று தேர்வுக் குழு முடிவு செய்தது. கடற்காற்றையும் மழையையும் ஆராய்வதையே தன் வேலையாகக் கொண்டவர் அவர். மாணவிகள் விடுதிக்குப் பெண் காப்பாளர்தான் வேண்டும் என்று அந்த வேலையையும் துறை அவர் தலையில்தான் கட்டியிருந்தது. அதே துறையில் இருக்கும் கணவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. அவற்றுக்குக் குழு அவருக்குப் பாதி மதிப்பெண் போட்டது. கணவருக்கு முழுசாகப் போட்டது. பிள்ளை பெற எடுத்த விடுப்பை ‘ஆய்வில் தொய்வு’ என்று குறித்தது.

குழுவின் தலைவர் அறவாழி. அன்று மாலை அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் சகாயமேரியின் ஆய்வுக்கூடமும் வேறொருவர் கைக்குப் போய்விடும். மனசில் ஏதோ உறுத்தியது. தனக்கு வானிலையியல் கற்றுக்கொடுத்த மங்கையர்க்கரசியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அடங்கிவிடும் என்று நினைத்தார்.

மங்கையர்க்கரசி ஓய்வு பெற்ற பிறகும் துறையின் வானிலைத் திடலுக்கு வருவார். அன்றும் அங்கேதான் இருந்தார்.

“அம்மா, எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான் வச்சேன். பாரபட்சமே இல்ல. நான் செஞ்சது சரிதானே?”

“அதை அப்புறம் பேசலாம். கொட்டகையில ரெண்டு மழைமானி இருக்கு. ஒண்ணைத் திடல் நடுவுல வை. இன்னொண்ணை அந்த மாமரத்தடியில வை.”

அறவாழி சிரித்தார். “மரத்தடியிலயா? மரம் எவ்வளவு உயரமோ அதுக்கு ரெண்டு மடங்கு தள்ளி வைக்கணும்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். தப்பா வச்சதுக்கு என்னை வெயில்ல நிக்க வச்சீங்க.”

“இன்னைக்கு நிக்க வைக்கல. வை.”

வைத்தார். சட்டைக் கையில் மண் அப்பியது. அண்ணாந்து பார்த்தார். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது.

“மழை வரணுமே அம்மா.”

“வரும். கடற்காத்து தரைக்காத்தோட மோதுற இடத்துல மேகம் கட்டும்னு சகாயமேரி எழுதியிருக்காளே. இன்னைக்கு அது இந்தத் திடலுக்கு மேலதான்னு காலையில சொல்லிட்டுப் போனா.”

“அது அந்தம்மா வீட்டுக்காரரோட சேர்ந்து எழுதின கட்டுரை.”

“அதனால?”

“யோசனை அவரோடதா இருக்கலாம்னு குழுவுல ஒரு சந்தேகம்.”

“அவருக்கு மதிப்பெண் போடும்போது, யோசனை பொண்டாட்டியோடதா இருக்கலாம்னு ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையா?”

அறவாழி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மாணவர்களும் அவங்களைச் சிடுசிடுப்புன்னு எழுதியிருக்காங்கம்மா.”

“நீ வகுப்புல சாக்பீஸ் எறிவியே. உன்னைப் பத்தி என்ன எழுதினாங்க?”

“கண்டிப்பானவர்னு.”

“அதுக்கு மதிப்பெண் உண்டா?”

“உண்டு.”

“விடுதி வேலைக்கு?”

“அட்டவணையில அதுக்கு இடமே இல்ல. ஆராய்ச்சியை மட்டும்தான் அளக்கறோம்.”

“காய்ச்சல்ல கிடந்த பிள்ளைங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடின நாள்லெல்லாம் அவ ஆராய்ச்சியை யார் பண்ணா?”

காற்று வந்தது.

முதலில் உப்பு வாசம். காற்றுத்திசைகாட்டி தயங்கி, ஆடி, கிழக்கைப் பார்த்து நின்றுகொண்டது. அவர்கள் தலைக்கு நேர் மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு வெண்திட்டு பிறந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரண்டது, மலைமேல் மலையாக எழும்பியது, அடி கறுத்தது. மரத்தில் இருந்த காக்கைகள் சத்தத்தை நிறுத்தின. அறவாழி வானிலைக்குப் பாடப்புத்தகமே எழுதியவர். சொன்ன இடத்தில் ஒரு மேகம் வந்து நிற்பதை அவர் கண்டதில்லை. அண்ணாந்த தலையை அவரால் இறக்க முடியவில்லை.

மழை இறங்கியது. அப்போதும் அவர் நகரவில்லை.

“கொட்டகைக்கு வா. தலைவருக்குச் சளி பிடிச்சா குழு என்ன ஆகறது?”

மழை விட்டதும் அளவுக் குடுவையோடு இருவரும் போனார்கள். திடல் நடுவில் இருந்த மானியின் நீர் குடுவையில் அடங்காமல், கொட்டிக் கொட்டி அளக்க வேண்டியிருந்தது. மாமரத்தடி மானியில் அதில் பாதி நீர்தான் இருந்தது.

“எழுதிக்கோ. மாமரத்துப் பக்கம் வானம் சரியாப் பெய்யல.”

“அப்படி எப்படிம்மா எழுதறது? மேல பெய்ஞ்சது ஒரே மழை. மரம் பாதியை வாங்கிக்கிச்சு.”

“ரெண்டும் ஒரே மானி. ஒரே குடுவை. பாரபட்சமே இல்லையே.”

அறவாழியின் கையில் குடுவை அப்படியே நின்றது. மாமரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

குடுவையைப் பார்த்தபடியே கேட்டார். “அப்போ அவங்களுக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டுடட்டுமா? பெண்களுக்குச் சலுகைன்னு சொன்னா குழுவுல ஒத்துக்குவாங்க.”

மங்கையர்க்கரசி குடுவையை வாங்கி, அதிலிருந்த நீரை மண்ணில் கவிழ்த்தார்.

“மானியில தண்ணி ஊத்தச் சொன்னேனா அறவாழி? நீ ஊத்தினா அது உன் தண்ணி, அவ மழை இல்ல. மானியை மரத்தடியிலேர்ந்து எடு.”