சபாபதி கண்டுபிடித்த குறை

"ஃபெலிக்ஸ் எழுதினதைப் பாத்து அழகுன்னு சொன்னீங்க. நான் எழுதினதை வாங்கி வச்சதோட சரி. அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு மேடம்?"

சபாபதி கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டான்.

மெஹருன்னிசா அவனைவிட வயதில் சின்னவர். ஆனால் அந்த சாஃப்ட்வேர் அலுவலகத்தில் எல்லாருக்கும் வேலை சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முதுகுக்குப் பின்னால் குரு என்பார்கள். முகத்துக்கு நேரே மேடம்.

ஒரு ஆடிட்டர் அலுவலகம் பான் எண் சரிதானா என்று பார்த்துச் சொல்லும் டூல் கேட்டிருந்தது. ஃபெலிக்ஸ் ஒன்று எழுதினான், சபாபதி ஒன்று எழுதினான். திங்கட்கிழமை ஒன்றுதான் போகும்.

அது ஃபெலிக்ஸுடையதாக இருந்துவிடுமோ என்று சபாபதிக்கு வயிறு எரிந்தது. மேடம் ஃபெலிக்ஸோடு டீ குடித்தால் எரிந்தது. ஃபெலிக்ஸ் சொன்ன மொக்கை ஜோக்குக்கு மேடம் சிரித்தபோது சாப்பாடே இறங்கவில்லை.

"உங்க டூலை டெஸ்ட் பண்ணீங்களா?" என்றார் மெஹருன்னிசா.

"பண்ணேனே. என் நம்பரைப் போட்டேன். சரின்னுது."

"வேற?"

"வேற எதுக்கு? எழுதினது நான்தானே."

சபாபதி மேஜைக்குக் கிட்டே வந்தான்.

"அவன் டூலை ஒரு தடவை என்கிட்ட விடுங்க மேடம். கிழிச்சுக் காட்டறேன்."

மெஹருன்னிசா தன் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார். பெயருக்கு ஒரு பெட்டி, எண்ணுக்கு ஒரு பெட்டி, கீழே ஒரு பட்டன். ஆடிட்டர் கேட்டபடி இரண்டு டூலுக்கும் ஒரே முகம்தான்.

"கிழிங்க," என்றார்.

சபாபதி உட்கார்ந்தான். எழுத்து வரவேண்டிய இடத்தில் எண்ணைப் போட்டான். தவறு என்றது. நடுவில் புள்ளி வைத்தான். தவறு. கடைசி எழுத்தை விட்டுவிட்டுப் போட்டான். அதற்கும் தவறு.

ஒவ்வொரு தடவை அது சரியாகச் சொன்னபோதும் அவன் முகம் கறுத்தது. பாவி, நன்றாகத்தான் எழுதியிருக்கிறான்.

பொய் எண்ணை விடவில்லை. சரி, நிஜ எண்ணையாவது தடுக்கிறதா பார்ப்போம். மனைவிக்குப் போன் போட்டான்.

"அங்கை, உன் பான் நம்பர் சொல்லு."

"எதுக்குங்க?"

"இங்க ஒருத்தனைக் கவுக்கணும்."

"ஐயோ பாவம். யாருங்க அது?"

"நீ நம்பரைச் சொல்லு."

அங்கயற்கண்ணி சபாபதி என்று அடித்து, எண்ணையும் அடித்து, பட்டனைத் தட்டினான்.

தவறு.

எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து மறுபடி தட்டினான். தவறு என்றே வந்தது.

சபாபதி கொஞ்சம் யோசித்தான். கல்யாணத்துக்கு முந்தைய பெயரைப் போட்டான். அங்கயற்கண்ணி பொன்னுரங்கம், அதே எண்.

சரி.

நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"மேடம்! மாட்டிக்கிட்டான்! என் பெண்டாட்டியையே இல்லேங்குது!"

அவ்வளவு சந்தோஷமாக அவனை அந்த அலுவலகம் பார்த்ததில்லை. பக்கத்து மேஜையிலிருந்து ஃபெலிக்ஸ்கூட எட்டிப் பார்த்தான்.

"ஏன் இல்லேங்குது?" என்றார் மெஹருன்னிசா.

"பான் நம்பர்ல அஞ்சாவது எழுத்து என்ன? நம்பர் வாங்கினப்ப முழுப் பேர்ல கடைசியா வந்த பேரோட முதல் எழுத்து. அவ வாங்கினப்ப அவங்கப்பா பேரு இருந்தது. இப்ப என் பேரு இருக்கு. கல்யாணம் ஆனா பேரு மாறும் மேடம், நம்பர் மாறாது! ஊர்ல பாதிப் பொம்பளைங்களை இது வெளிய நிறுத்திடும். இன்னைக்கு இருக்கிற பேரை எடுத்து அஞ்சாவது எழுத்தோட ஒப்பிடுன்னு எந்த மடையன்..."

சபாபதியின் பேச்சு பாதியில் நின்றது.

அந்த வரி அவனுக்குத் தெரியும். எங்கே உட்கார்ந்து எழுதினான் என்பதுகூடத் தெரியும். எழுதி முடித்ததும், இது ஃபெலிக்ஸுக்கு ஜென்மத்துக்கும் தோன்றாது என்று தனியாகச் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

மெஹருன்னிசா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லிட்டிருந்தீங்களே சபாபதி," என்றார். "எந்த மடையன்?"