தட்டினால் பதில் சொன்ன பெட்டி

இந்தப் புதிரை அவிழ்க்கக் கண்ணைவிடக் காதுதான் உதவும். அதனால் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். நடுவில் பயம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆவுடையப்பனுக்கு விமான நிலையச் சரக்குக் கூடத்தில் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் செடி, விதை, பழம், மரம் எதுவானாலும் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். ஒரு கூடைப் பழத்தைத் தடுத்ததற்காகப் பெரிய இடத்து மனிதர்களிடம் எல்லாம் வசவு வாங்கியவர், அசர மாட்டார். அப்படிப்பட்டவர் அந்த மழைக்கால மதியத்தில் ஒரு சவப்பெட்டியின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பெட்டியில் இருந்தவன் ரெக்சன். குமரிக் கடற்கரைக்காரன். குளிர்நாடு ஒன்றில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தான். படகு தீப்பிடித்து, மருத்துவமனையில் சில நாள் கிடந்து இறந்துபோனான். அங்கே உடலைத் துத்தநாகத் தகட்டுப் பெட்டியில் வைத்து, காற்றுகூடப் புகாதபடி பற்றவைத்து மூடிவிட்டார்கள். கூட வேலை செய்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. வெறும் தகரத்திலா அவன் வீட்டுக்குப் போவது என்று, எங்கோ இடித்த பழைய வீட்டின் உத்தரங்களை அறுத்து, அதைச் சுற்றி ஒரு மரப்பெட்டி செய்துகொடுத்தார்கள். அன்பெல்லாம் சரிதான்; மரத்தைச் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றாகிவிட்டது என்பதற்கான முத்திரை மட்டும் அதில் இல்லை. கால்மாட்டுப் பலகையில் கடுகளவு ஓட்டைகள். கீழே மாவு போல மரத்தூள் கொட்டியிருந்தது.

முத்திரையில்லாத மரத்தை அடைத்த அறைக்குள் வைத்து நச்சுப்புகை போட வேண்டும், இல்லையென்றால் எரிக்க வேண்டும் என்பது விதி. ஆவுடையப்பன் அதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது. கூடத்து இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

டக் டக் டக் டக் டக் டக்.

சத்தம் பெட்டியிலிருந்து வந்தது.

ரெக்சனின் மனைவி ஜெசிந்தா காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. செத்தவன் முகத்தைப் பார்க்காமல் எப்படி அழுவது என்று நின்றவள், இப்போது பாய்ந்து போய் விரல் முட்டியால் பெட்டியில் மூன்று முறை தட்டினாள். ஆறு தட்டு பதில் வந்தது.

“தட்டுதாரு சார்! கடலுக்குப் போயிட்டு வந்தா கதவ இப்பிடித்தான் தட்டுவாரு. உசுரோட இருக்காரு. தொறங்க!”

ரெக்சனின் தம்பி தஸ்நேவிஸ் சிலுவை போட்டுக்கொண்டு, பெட்டிமேல் கையை விரித்துக் கவிழ்ந்து படுத்தான்.

“வேண்டாம் மைனி! அண்ணன் போன்ல எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். மூஞ்சி எல்லாம் வெந்துபோச்சு, அவ பாக்கக் கூடாது, பெட்டியத் தொறக்க விடாதலேன்னான். சார், இப்பிடியே குடுத்திருங்க. பொழுது சாயுததுக்குள்ள அடக்கம் பண்ணிருதோம்.”

“இப்பிடியே போச்சுன்னா மரத்துல இருக்கது உங்க கோயில் உத்தரத்துலயும் ஏறும், படகுலயும் ஏறும்” என்றார் ஆவுடையப்பன். “ஏறாமலும் போவலாம். தெரியாததுனாலதான் விடக் கூடாதுங்கோம். புகை போட்டுத்தான் ஆவணும்.”

“உசுரோட இருக்கவரப் புகை போட்டுக் கொல்லப் போறியளா?”

மரத்தை அரிக்கும் பூச்சிகளோடு ஆவுடையப்பன் பாதி ஆயுளைக் கழித்தவர். அவை கரகரவென்று சுரண்டும். தட்டினால் பதில் சொல்லுமா? ஒருவேளை அந்தப் பெண் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? தன் கையாலேயே ஒரு மனிதனைக் கொன்ற பழி ஏழு ஜென்மத்துக்கும் போகாதே.

அந்த நேரம் பார்த்து, ஒன்றும் அறியாத சுமைதூக்கி ஒருவர், பெட்டியின் அடிச்சட்டத்தில் பெயர்ந்து நின்ற ஆணியைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். அவருக்கும் பெட்டி ஆறு தட்டுப் பதில் சொன்னது. மனிதர் சுத்தியலைப் போட்டுவிட்டு எடுத்த ஓட்டம், வாசலில்கூட நிற்கவில்லை.

ஆவுடையப்பன் மட்டும் அந்தச் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கேட்டுவிட்டீர்கள். திற என்கிறாள் மனைவி. திறக்காதே, அப்படியே கொடு என்கிறான் தம்பி. புகை போடாமல் விட முடியாது என்கிறது சட்டம். இதில் யார் சொல்வது சரி? தம்பியின் சத்தியம் கெடாமல், சட்டத்தையும் மீறாமல், அவள் கணவன் உயிரோடு இல்லை என்பதை அவளே நம்பும்படி ஆவுடையப்பன் எப்படிக் காட்டினார்?

விடை: மூவர் சொன்னதும் சரிதான், ஆனால் அங்கே இருந்தது ஒரு பெட்டியல்ல, இரண்டு. ஆவுடையப்பன் இருவரையும் பெட்டியோடு புகை அறைக்குள் அழைத்துப் போய், பூச்சி வெளியே தப்பாதபடி கதவைச் சாத்தினார். தஸ்நேவிஸிடம் மரப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எதிர்ச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார். பற்றவைத்த தகட்டுப் பெட்டி மூடியது மூடியபடி நடுவில் இருந்தது. “இப்ப இதுல தட்டும்மா” என்றார். ஜெசிந்தா தட்டினாள். பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காதை ஒட்டவைத்து, மறுபடியும் ஓங்கித் தட்டினாள். பதில் வந்தது, அவளுக்குப் பின்னால், சுவரோரம் சாய்ந்திருந்த பலகையிலிருந்து. டக் டக் டக் டக் டக் டக். ஆவுடையப்பனுக்குப் படித்த காலத்துப் பாடம் அப்போதுதான் நினைவுக்கு வந்திருந்தது. குளிர்நாட்டில் பழைய மரத்தைக் குடையும் வண்டு ஒன்று உண்டு. அது தலையை மரத்தில் மோதித் தன் ஜோடியைக் கூப்பிடும். யார் தட்டினாலும் ஜோடிதான் தட்டுகிறது என்று நினைத்துப் பதில் சொல்லும். அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜெசிந்தா தகட்டின்மேல் விழுந்து அழ ஆரம்பித்துவிட்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பலகைப் பக்கம் திரும்பி, “புகை போடுததுக்கு முந்தி ஒரு தரம் தட்டிக்கிடட்டா சார்?” என்று கேட்டாள். ஆவுடையப்பன் விலகி வழிவிட்டார்.