உள்ளே போன கை

சோளங்குண்டு ஊர்க்காரர்களுக்கு நேர்மை கொஞ்சம் அதிகம். மூளைதான் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறும்.

அந்த ஊர்த் தவசியின் மகள் பேச்சி, மதுரைக்குப் பக்கத்து மைதானத்தில் நடக்கும் பெரிய இசைத் திருவிழாவில் முதன்முதலாகத் தவில் வாசிக்கிறாள். "முதல் கைதட்டு உன்னோடதா இருக்கணும்ப்பா. அது விழுந்தாத்தான் எனக்குத் தைரியம் வரும்" என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து தவசிக்குச் சோறு இறங்கவில்லை. துணைக்கு மச்சான் பூலாண்டியையும் பக்கத்து வீட்டு ஒச்சப்பனையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வாசல் காவலாளி மூவரின் வலக்கையிலும் காகிதப் பட்டை ஒட்டினார். "பட்டை இல்லாம உள்ளே போனா வெளியே தள்ளிருவோம்" என்றார்.

மூவரும் ஓரமாக ஒதுங்கிக் கூடிப் பேசினார்கள்.

"கைக்குப் பட்டை இருக்கு. காலுக்கு இல்லையே" என்றார் பூலாண்டி.

"வயித்துக்கும் இல்லை" என்றார் ஒச்சப்பன், சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு.

"அப்பக் கை மட்டும் போகட்டும். மிச்சத்தைத் திருட்டுத்தனமா உள்ளே கொண்டுபோயி என் மக மானத்தை வாங்கவா?" என்றார் தவசி.

மேடைக்குப் பக்கவாட்டில் கம்பி வேலி. மூவரும் வலக்கையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு வெளியே நின்றார்கள். இடக்கைக்குப் பட்டை இல்லாமல் எப்படித் தட்டுவது என்று தவசி கேட்டார்.

"என் வலக்கையில தட்டு மச்சான். பேச்சிக்கு நான் தாய்மாமன், வெளியாளா?" என்றார் பூலாண்டி. தவசிக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் ஒச்சப்பன் குண்டைத் தூக்கிப் போட்டார். "காதுக்குப் பட்டை ஏது? உள்ளே வாசிக்கிறதை வெளியே நின்னு கேட்டா அதுவும் திருட்டுத்தானே?"

 மகள் வாசிப்பைக் கேட்கத்தானே தவசி இத்தனை தூரம் வந்தார்? ஆனாலும் நேர்மை என்றால் நேர்மைதான். மூவரும் துண்டால் காதை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். பட்டை இல்லாத கண்ணையும் மூடிக்கொண்டார்கள்.

இனி வாசிப்பு எப்போது தொடங்கும் என்று யாருக்குத் தெரியும்? முதல் கைதட்டைக் கோட்டை விட்டுவிடக் கூடாதென்று தவசி அப்போதே தட்டத் தொடங்கிவிட்டார். மைக்கை ஊதிப் பார்த்தவருக்குக் கைதட்டு விழுந்தது. மேடையைக் கூட்டியவருக்கும் விழுந்தது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு பேச்சிக்கும் விழுந்தது, நிற்காமல்.

வாசித்து முடித்ததும் பேச்சி வெளியே ஓடிவந்து அப்பாவின் துண்டை அவிழ்த்தாள். "முதல் தட்டு உன்னோடதுதான்ப்பா. நான் வாசிச்சது எப்படி இருந்துச்சு?"

தவசி வேலியிலிருந்து வலக்கையை உருவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை நல்லாச் செவந்து கெடக்கும்மா. பிரமாதமா வாசிச்சிருப்பே போல."