பாகோவின் வசவு

மலையடிவாரத்து மடத்தில் மாவாட்டுவது சடையப்பன் வேலை. அவன் குழவியைச் சுற்ற, ஸ்பெயினிலிருந்து வந்த சீடன் பாகோ கையை விட்டு மாவைத் தள்ளிக்கொடுப்பான். இரண்டு பேரும் நகமும் சதையும் மாதிரி. பாகோவுக்குத் தமிழ் நன்றாகவே வரும். ஆனாலும் சடையப்பனைக் கண்டால் முதுகில் ஒன்று வைத்து, "கப்ரோன்" என்றுதான் கூப்பிடுவான். இவனும் பல்லைக் காட்டுவான்.

ஒருநாள் இன்னொரு ஸ்பானியக்காரர் மடத்துக்கு வந்தார். வந்தவர் கும்பிட்டோமா போனோமா என்று இருந்தாரா? சடையப்பனிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

சடையப்பன் மூட்டையைக் கட்டிக்கொண்டு குருவிடம் வந்து நின்றான்.

"சாமி, நான் ஊருக்குப் போறேன். பாகோ இத்தனை நாளா என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கான்."

"என்ன அர்த்தமாம்?"

"கிடா ஆடாம். அதுகூடப் பரவாயில்லை. பெண்டாட்டியை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்தவன்னும் அர்த்தமாம்."

"உனக்குத்தான் கல்யாணமே ஆகலையே, கழுதை."

"அதனாலதான் சாமி வயிறு எரியுது."

"நான் கழுதைங்கறேன். அதுக்கு எரியலையா?"

"அது ஆசீர்வாதம் சாமி."

குரு தாடியைத் தடவினார். "சரி, உனக்கு என்னதான் வேணும்?"

"மரியாதை."

"மூட்டையைப் பிரி. நாளையிலேருந்து கிடைக்கும்."

மறுநாள் பாகோ ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றான். "வணக்கம் ஐயா. மாவைத் தள்ளலாமா ஐயா?" ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டான். சடையப்பன் தலையாட்டிய பிறகுதான் கையை வைத்தான். இந்த லட்சணத்தில் மாவு எப்படி அரைபடும்? இட்லி கல்லாக வந்தது. முதுகில் அடி இல்லை, சிரிப்பு இல்லை. பந்தியில் குருவும், "நீங்க உட்காருங்க சடையப்பன்" என்றார். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வாரம் முடிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டான். குருவின் காலில் விழுந்தான்.

"சாமி, அவன் என்னை வெறுத்துட்டான். நீங்களும் கைவிட்டுட்டீங்க."

"நீங்க கேட்டதைத்தானே கொடுத்தோம்?"

"எனக்கு வேண்டாம் சாமி. அந்த மரியாதையை நீங்களே வச்சுக்குங்க."

குரு காலை இழுத்துக்கொண்டார்.

"எழுந்திரு, கழுதை. அவன்கிட்டே போய் ஒரு திட்டு வாங்கு. ஒண்ணு திருப்பிக் கொடு. அப்புறம் ரெண்டு பேருமா மாவை ஆட்டுங்க. இந்த இட்லியை என்னால இனிமே மெல்ல முடியாது."